ஒரு தட்டு நான்கட்டாய்

தாராவி, பம்பாய்
13-10-1964

மருமகள் பூமாரிக்கு மாமன் இசக்கிப்பாண்டி எழுதுவது. இங்கே கொசு முதல் நான் வரை சகலரும் சௌக்கியம்.

நாலு ஞாயிறாக உன் முகத்தைக் காணோம். தாயில்லாத உன்னைத் தூக்கி வளர்த்த தோள் இது. கல்யாணத்துக்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் என் தேங்காய்ப்பால் சொதிச் சோற்றுக்கு வந்தவள் நீ. இப்போது உன் மாமனார் நம்பிராஜன் குவார்ட்டர்ஸ் கொல்லையில் தோட்டம் போடுகிறாராம், நீ தண்ணீர் ஊற்றுகிறாயாம். பெரிய தோட்டம்! நானும் எண்ணெய் டின்னில் ஒரு வெண்டை வைத்திருக்கிறேன். அதன் நிழல் மாஹிம் வரை விழுகிறது. கிளையை வெட்டச் சொல்லி ரயில்வே நோட்டீஸ் எந்த நிமிஷமும் வரலாம். ஞாயிறு வந்து பார்.

வயிறெரியும்,
மாமன்

செம்பூர்
15-10-1964

அன்புள்ள மாமாவுக்கு,

அந்த வெண்டையை நான் அறிவேன். இரண்டு இலை, ஒரு பூச்சி.

ஞாயிறு நீங்களே வாருங்கள். தீபாவளிக்கு நான்கட்டாய் போடுகிறோம், இந்த ஊர் நெய் பிஸ்கட். மாவு பிசைந்து உருட்டித் தட்டில் அடுக்குவது எங்கள் வேலை. அதைத் தெருமுனை பேக்கரிக்குத் தூக்கிப் போய்ச் சுட்டு வாங்கி வருவது உங்கள் வேலை. பண்டிகைக் கூட்டம், வரிசையில் சண்டை போட உங்களைவிட ஆள் உண்டா? சொதியும் நீங்கள்தான் வைக்க வேண்டும். "ஒங்க மாமா சொதியப் பத்திக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி வயிறு நெறைஞ்சிட்டு" என்கிறார் மாமனார்.

உங்கள்,
பூமாரி

செம்பூர்
21-10-1964

மாமாவுக்கு,

சொதி ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. நான்கட்டாய்தான் கரியாகிவிட்டது. "பேக்கரிக்காரன் தூங்கிட்டான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். மறுநாள் மாமனார் அங்கே போய் விசாரித்தார். திரும்பி வந்து, "இன்னும் பத்து நிமிஷம் கெடக்கட்டும்னு நாந்தான் ஆள் விட்டுச் சொன்னேன்" என்றார்.

அன்றிலிருந்து மாமியார், "அரை கிலோ நெய்யி! ஊருக்கெல்லாம் கரியவா குடுக்க?" என்று காலையும் மாலையும் அவருக்கு அர்ச்சனை செய்கிறார். அவர் தலை குனிந்து கத்தரிக்கு மண் அணைக்கிறார். கருகியதை டீயில் முக்கித் தின்கிறார்.

ஞாயிறு முழுக்க அவர் தோட்டத்தை விட்டு நகரவில்லை, ஆளும் விடவில்லை. தட்டோடு நின்றவர் நீங்கள். என்னிடம் மட்டுமாவது சொல்லுங்கள்.

பூமாரி

தாராவி
23-10-1964

பூமாரி,

நான்தான்.

முதல் உருண்டையை உன் மாமனாரிடம் நீட்டி, "சரியா இருக்கா மாமா?" என்று கேட்டாய். இருபது வருஷம் உன் வாயால் அந்தக் கேள்வியை நான் ஒருத்தன்தான் கேட்டிருக்கிறேன். வரிசையில் நிற்கும்போதும் அதுவே காதில். பேக்கரிக்காரன் தட்டை வெளியே இழுக்க வந்தான். "அவுர் தஸ் மினிட், பாய்" என்று பத்து நிமிஷம் கூட்டிச் சொல்லிவிட்டது வாய். அவன் தட்டை அடுப்புக்குப் பதில் என் வயிற்றில் வைத்திருந்தால் இரண்டே நிமிஷத்தில் வெந்திருக்கும்.

தோட்டத்தில் அவர் ஜெயித்தார், பொறுத்துக்கொண்டேன். செய்யாத தப்பைச் சுமப்பதிலுமா என்னை முந்துவது?

ஞாயிறு நெய்யோடு வருகிறேன். உன் மாமியாரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். அந்த ஏச்சு முழுக்க எனக்குச் சேர வேண்டியது. அதையும் அந்த மனுஷனே வைத்துக்கொள்ள விடமாட்டேன்.

மாமன்