இரண்டு பேர், ஒரு ஹெல்மெட்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மழை வந்தபாடில்லை. கரண்ட் வேறு போய்ப் போய் வந்தது.

காஸ் புக் பண்ணணும். இவர் சட்டைகள் இஸ்திரிக்கு. எம்.பி. பேச்சு.

பேச்சுதான் தலைவலி. வியாழக்கிழமை நாடாளுமன்றத்தில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் மேல் விவாதம். எங்கள் எம்.பி.க்குக் கிடைத்திருப்பது மூன்றே நிமிடம். தமிழில்தான் பேசுவார். எழுதுவது வழக்கம்போல நான். தாம்பரம் தொகுதி அலுவலகத்தில் இத்தனை வருடமாக இதுதான் பிழைப்பு. கைதட்டல் அவருக்கு, கழுத்துவலி எனக்கு.

அபராத உயர்வு, ஹெல்மெட், அதிக பாரம் ஏற்றும் லாரி, பாதசாரிகள் என்று எல்லாவற்றையும் போட்டு ஒரு பேச்சு எழுதி டில்லிக்கு அனுப்பினேன். சாயங்காலம் எம்.பி. சாரே கூப்பிட்டார். "எல்லாம் சரிம்மா, உப்பு இல்ல. நம்ம தொகுதியில ஒரு குடும்பம், ஒரு ஆளு, அந்த மாதிரி எதாவது குடு. சபை நிமிர்ந்து உக்காரணும்."

ராத்திரி இட்லி. சாப்பிடும்போதே உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். மீன் விற்கிற கற்பகம் சங்கரா கொண்டுவந்தாள். நல்ல மீன். பின்பக்கப் படியில் உட்கார்ந்து அவளே ஆய்ந்து கொடுத்தாள். அவள் கையைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது சட்டென்று உதாரணம் கிடைத்துவிட்டது.

போன வருடம் அதே படியில்தான் சொன்னாள். புருஷன் முருகேசன் போய் ஒரு மாதம் ஆனபிறகு, அழாமல், மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே. விடியற்காலை இரண்டு பேரும் கோவளத்துக்கு மீன் எடுக்க மொபெட்டில் போனார்கள். அவளுக்குக் காதுவலி. காற்று குத்துகிறது என்று சொல்ல, அவன் வண்டியை ஓரம் கட்டி, தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவள் தலையில் மாட்டி, வாரையும் போட்டுவிட்டான். மாம்பாக்கம் ரோட்டில் தண்ணி லாரி, ராங் சைடில் எதிரே, லைட் இல்லாமல். அவன் அங்கேயே போய்விட்டான். அவளுக்குக் கை முறிந்ததோடு சரி.

மாமியாரிடம் வேறு மாதிரி சொல்லியிருந்தாள். ஹெல்மெட் அவன் தலையில்தான் இருந்தது, வார் அறுந்து பறந்துவிட்டது என்று. "உண்மை தெரிஞ்சா அந்தக் கெழவி என்னை வூட்ல வெக்காதுக்கா. உன்கிட்டதான் சொல்றேன், வேற யாராண்டையும் சொல்லாத." சொல்லவில்லை. இவரிடம்கூட இல்லை.

இன்று மத்தியானம் எழுதினேன். சங்கராவைக் குழம்பு வைத்து, சாப்பிட்டு, கை கழுவிவிட்டு எழுதினேன்.

பேரை விட்டுவிட்டேன். அது போதும் என்று தோன்றியது. லாரி எதிர்த்திசையில் வந்ததை முதலில் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தொகுதியில் தண்ணி லாரி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் சாருக்கு வேண்டியவர்கள். அவர் எப்படியும் அடிப்பார். அவருக்கு எதற்குச் சிரமம்.

டில்லியிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. எந்த ஊர்? ஊர் இருந்தால் பலமாக இருக்கும். ராஜகீழ்ப்பாக்கம் என்று தட்டி அனுப்பினேன்.

ஜூலை 24, வியாழன்

அலுவலகத்தில் எல்லோரும் டிவி முன்னால். சார் எழுந்ததும் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

"ஒரே வண்டி. இரண்டு பேர். ஒரே ஒரு ஹெல்மெட். அதை அணிந்திருந்த மனைவி இன்று ராஜகீழ்ப்பாக்கத்தில் மீன் விற்கிறார். அணியாத கணவர் இன்று இல்லை. இந்தச் சட்டத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?"

மேஜையைத் தட்டினார்கள். எதிர்வரிசையிலும் தட்டினார்கள். 'சான்று' என்று சொல்வதற்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டார். அதுவும் நான் குறித்துக் கொடுத்ததுதான்.

சார் கூப்பிட்டு, "பிரமாதம்மா, பின்னிட்ட" என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் மல்லிப்பூ வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று இப்போது கேட்டால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சந்தோஷம்தான்.

ஜூலை 25, ஆடி வெள்ளி

மீன் கிடையாது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் விடிவதற்கு முன்பே. தலை விண்விண்.

தெரு வாட்சப் குரூப்பில் அந்த வீடியோ. யாரோ எழுதியிருந்தார்கள்: நம்ம ஜங்ஷன் மீன்காரம்மாதானே? கீழே வரிசையாக அழுகிற பொம்மை, கும்பிடுகிற கை. ஒருத்தர்: ரெண்டு ஹெல்மெட் வாங்க முடியாதா? இன்னொருத்தர்: புருஷன் தலையிலிருந்து வாங்கிப் போட்டுக்கிட்டாங்க போல.

வாங்கிப் போட்டுக்கொண்டாள். நான் அப்படி எழுதவில்லையே என்று சண்டைக்குப் போகப் பார்த்தேன். வேறு எப்படி எழுதினேன்?

இவர் பேப்பரை இறக்கிவிட்டுக் கேட்டார். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" பேர் போடவில்லை என்றேன். அவர் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 27, ஞாயிறு

தெருவில் கூழ் ஊற்றினார்கள். கருவாட்டுக் குழம்பு வாசனை. வாங்கப் போகவில்லை.

ஜங்ஷனில் கற்பகத்தின் இடம் காலி. பக்கத்துப் பூக்காரம்மாவிடம் விசாரித்தேன். வெள்ளியிலிருந்து வரவில்லையாம், உடம்புக்கு என்னவோ என்றாள். உடம்புக்குத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு திரும்பினேன். நம்புவதற்கு எவ்வளவு ஆசை எனக்கு.

ஜூலை 28, திங்கள்

வந்தாள். கூடை இல்லாமல். பின்பக்கமாக வராமல் வாசல் வழியாக வந்து மணி அடித்தாள்.

மாமியாருக்கு யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். கிழவி கத்தவில்லையாம். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, இவள் துணியை எடுத்து வெளியே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாளாம். ஒரு வருடமாக ஒரே வீட்டில், ஒரே சட்டியில் சாப்பிட்டவர்கள். இப்போது கீழ்க்கட்டளையில் கூடவே மீன் விற்கிற ஒருத்தி வீட்டில் படுத்துக்கொள்கிறாள். பம்மலில் உன் தங்கை இருக்கிறாளே என்றேன். அப்போதுதான் அது வந்தது.

"ரெண்டு பேராண்டதான் சொல்லிகீறேன்க்கா. உன்கிட்ட, என் தங்கச்சிகிட்ட. நீ சொல்ற ஆளு இல்ல. அப்ப அவதான். போன்ல நல்லா கேட்டுட்டேன். இனிமே செத்தாலும் அவ வாசப்படி மிதிக்கமாட்டேன்."

நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

"நீ அந்த ஆபீஸ்லதான கீற. அவுருக்கு யாரு சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுக்கா."

விசாரிக்கிறேன் என்றேன். இந்த வாயால் சொன்னேன். போகும்போது, நீ ஒருத்தியாவது இருக்கியே என்று என் கையைப் பிடித்துவிட்டுப் போனாள். சீ.

ஜூலை 29, செவ்வாய்

தூறல். சார் ஊருக்கு வந்திருக்கிறார். மனு கொடுக்க வந்தவர்கள் எல்லாம் போகும்வரை காத்திருந்து சொன்னேன். அந்தப் பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள், லாரி ராங் சைடில் வந்ததையாவது அடுத்த பேச்சில் சேர்க்கலாமா என்று.

உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் இல்லை. "ஐயையோ, பாவம்மா" என்றார். அடுத்த வாரம் தாம்பரத்தில் ஹெல்மெட் பேரணி இருக்கிறதே, அந்தம்மாவை மேடைக்கே கூப்பிட்டு ஒரு தையல் மெஷின் கொடுத்துவிடலாம், ரெண்டு வார்த்தை பேசச் சொல்லலாம் என்றார். அழைத்து வருகிற பொறுப்பு என்னுடையதாம். லாரி பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மீன் விற்கிறவளுக்குத் தையல் மெஷின். நானும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது ரகசியமாகச் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தே செய்தவள் நான் ஒருத்திதான்.

தூக்கம் இல்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்கிட்ட சொல்லி இன்னா ஆகப்போவுது" என்றார். இவருக்குக் கோபம் வந்தால்தான் இந்த 'இன்னா' பேச்சு வரும்.

ஜூலை 30, புதன்

லீவு போட்டேன். காரணம்: காய்ச்சல். இன்னொரு பொய்.

கீழ்க்கட்டளை. ஷேர் ஆட்டோ, நெரிசல், சாலை முழுக்கத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஏரிப்பக்கச் சந்து. ஒற்றை அறை. கற்பகம் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள். "தெரிஞ்சிதாக்கா?"

தெரிந்தது என்றேன். வழியெல்லாம் நல்ல நல்ல வாக்கியமாக யோசித்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான். "நான்தான், கற்பகம். நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

புரியவில்லை அவளுக்கு. எம்.பி. பேசுவதை இன்னொருத்தர் எழுதிக் கொடுப்பார்கள் என்பதே அவளுக்குத் தெரியாது. அதையும் விளக்க வேண்டியிருந்தது. என் வேலை என்னவென்று நான் இதுவரை யாரிடமும் இவ்வளவு அசிங்கமாகச் சொன்னதில்லை.

அவள் அழுவாள், திட்டுவாள், சாம்பல் கையோடு அறைவாள் என்றுகூட நினைத்தேன். அப்படி ஏதாவது நடந்துவிடாதா என்றிருந்தது. அவள் கையைக் கழுவி, புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். தங்கை நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினாள்.

"அவகிட்ட சொல்லு. மொதல்லேர்ந்து சொல்லு."

சொன்னேன். சந்தில் நின்றுகொண்டு, ஸ்பீக்கரில், தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் காதில் விழ, முதலிலிருந்து. காதுவலி, ஹெல்மெட், லாரி, நான் எழுதியது, நான் அடித்தது. கற்பகம் என் முகத்தைப் பார்க்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். தங்கை அழுகிறாள் என்று தெரிந்ததும் இவளும் ஆரம்பித்துவிட்டாள். கெளம்பி வா யக்கா, இப்பவே வா என்று அந்தப் பக்கத்திலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டது.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் தங்கை கேட்டாள், இப்ப பேசினது யாரு என்று. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கற்பகம் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"மீன் வாங்கறவங்க."