வல்லத்தாருக்கு வைத்த ஈரல்

அக்கா, அந்த ஈரலைத் தின்றவள் நான்தான். நீ உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். நீ போய் இரண்டு மாதம் கழித்து, பதில் வராது என்று நிச்சயமான பிறகு எழுதுகிறேன். என் வீரம் எப்போதுமே இவ்வளவுதான்.

இன்றைக்குக் கிறிஸ்துமஸ். காலையில் என் மருமகள் மிளகு இடித்துப் போட்டு ஆட்டு ஈரல் வறுத்தாள். வாசனை கூடத்துக்கு வந்ததும் வாயில் எச்சில் ஊறியது; அதே நேரம் இரண்டு கையும் தானாகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டன. இருபத்தைந்து வருஷம் ஆகியும் உடம்புக்குப் பயம் போகவில்லை. "இன்னா அத்த, பல்லு வலியா?" என்றாள். பல்தான், ஆனால் என்னுடையது இல்லை என்று எப்படிச் சொல்வது?

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குத்தான் மொத்தக் குடும்பத்தையும் முதன்முதலாக உன் வீட்டுக்குக் கூப்பிட்டாய். நாற்பத்து மூன்று பேர். ரேஷன் அரிசிக்குக் கால் கடுக்க நின்ற காலம். நீ இரண்டு மாதமாகப் பிடி பிடியாக மிச்சம் பிடித்தாய். எல்லாம் எதற்கு? நாத்தனாரின் வீட்டுக்காரர் வல்லத்திலிருந்து வருவார், சாப்பிட்டு எழுந்ததும் அவர் மகனுக்கு உன் மகள் பிலோமினாவைப் பேசி வெற்றிலை மாற்றிவிடலாம் என்றுதான். பம்பு செட் போட்ட கிணறு, மூன்று காணி மணிலாக்கடலை, ஒரே பையன். "இது ஒண்ணு முடிஞ்சிட்டா போதும், அப்பறம் நான் நிம்மதியா தூங்குவேன்" என்று தினமும் சொன்னாய். பிலோமினாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

நம் வீட்டில் ஆடு அடித்தால் ஈரல் மூத்த மருமகனுக்கு. மற்ற கறி வேகும் முன்பே தனியாக வறுத்து அவர் முன்னால் வைக்க வேண்டும். அவர் ஒரு துண்டு வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு இலை. வல்லத்தார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கோட்டைப் பாறை இடுக்கில் காய்ச்சியதைத் தொண்டையில் இறக்கிக்கொண்டு, "வருதா, வருதா?" என்று கேட்டபடி இருந்தார். மதுவிலக்குச் சட்டம் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகும்.

நான் விடியலிலிருந்து மசாலா அரைத்தவள். பத்தொன்பது வயசு, பசி. நீ கிணற்றுக்குப் போனாய். ஈரல் சட்டி தனியாக இருந்தது. அவ்வளவுதான்.

திரும்பி வந்து மூடியைத் திறந்தாய். "பூன கீன வந்துச்சாடி?" என்றாய். "பூனையாத்தான் இருக்கும்கா" என்றேன். தின்றுவிட்டு மூடி போடுகிற பூனை. அதைக்கூட யோசிக்கிற நிலையில் நீ இல்லை.

உன் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு போய் நின்றார். "பத்தே நிமிசம் மாமா, கோழி வறுத்து எடுத்தாறேன்."

"கோழி துன்றதுக்கா வண்டி கட்டிக்கினு வந்தேன்? எனுக்கு வெச்சத எவன்டா துன்னான்?"

உன் வீட்டுக்காரரின் கண் சுற்றி வந்து அவர் தம்பி மேல், என் வீட்டுக்காரர் மேல் நின்றது. "நீதான்டா. காலையிலயே ஊத்திக்கினு திரிஞ்சியே." விட்ட அறையில் தம்பிக்காரர் விறகுக் குவியலில் போய் விழுந்தார். தின்னாத ஈரலுக்கு அடி வாங்கியவர், எழுந்தபோது கையில் கட்டையோடு எழுந்தார். அண்ணன் என்று பார்க்கவில்லை. தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வல்லத்தார் விலக்கிவிடத்தான் போனார் என்று அவர் வீட்டார் இன்றும் சொல்கிறார்கள். முக்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு யாராவது விலக்கிவிடுவார்களா? அது என் வீட்டுக்காரர் முதுகில் உடைந்தது. பிறகு ஆளாளுக்கு இறங்கினார்கள். குடிலுக்கு மலை அடுக்கக் கொண்டுவந்த கற்கள் கைக்கு வாகாக இருந்தன. குடிலில் வைத்த மூன்று ராஜா பொம்மைகளில் ஒன்றுக்குத் தலை போயிற்று. அடுத்த கல் உன் புருவத்தைப் பிளந்தது.

நீ ரத்தத்தைத் துடைக்கக்கூட இல்லை. வல்லத்தார் என் வீட்டுக்காரர் நெஞ்சின் மேல் உட்கார்ந்து கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். இவர் கால் உதறுவது நின்றுபோயிருந்தது. சோறு அள்ளுகிற இரும்பு அன்னவெட்டியோடு நீ போய் நின்றாய்.

"உடுண்ணா. ஒரு தரம்தான் சொல்லுவேன். உடு."

அவர் விடவில்லை. உன் மகள் கல்யாணம் அந்த வாயிலிருந்து வர வேண்டிய ஒரு வார்த்தையில் இருந்தது. அந்த வாயில்தான் ஓங்கி அடித்தாய். முன்பல் இரண்டும் தரையில் விழுந்தன.

அப்போது நான் எங்கே இருந்தேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. குதிருக்குப் பின்னால் இருந்தேன். புருஷன் உயிர் போகிறது. நான் மிளகு வாசனை போக விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன்.

வல்லத்தார் பல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வண்டி ஏறினார். "இந்த ஊட்ல பொண்ணு எடுத்தா என்ன செருப்பால அடி" என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. நீ நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு இலை போட்டாய். "ஆக்கனது ஆக்கிட்டேன். துன்னுட்டுப் போங்க." உதடு கிழிந்தவர்கள் கண்ணில் நீர் வழியக் காரக் குழம்பைத் தின்றார்கள்.

அப்புறம் நாலு வருஷம் பிலோமினாவைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. சம்பந்தியாக வர இருந்தவனின் பல்லை உடைத்தவள் என்று அனந்தபுரம் சந்தை வரைக்கும் உன் பேர் போயிற்று. கோயிலில் நீ கடைசி வரிசைக்குப் போய்விட்டாய். நானும் கூடவே வந்து உட்கார்ந்தேன். உன் புருவத்தில் அந்த வெள்ளைக் கோட்டைப் பார்ப்பேன், வாயைத் திறப்பேன், மூடிக்கொள்வேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட 'போசனப்பிரியம்' என்று பொதுவாகச் சொல்லி, சாமியார் கொடுத்த மூன்று அருள்நிறை மந்திரத்தோடு தப்பித்துக்கொண்டேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "அன்னிக்கு உன் ஊட்டுக்காரரு உசுரோட எழுந்தாரே, அது போதும்டி எனுக்கு." நான் இன்னும் சுமப்பது அதைத்தான். ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறு போடும்போது அது கையில் கனக்கிறது.

ஒன்று விட்டுப்போயிற்று, அக்கா. அன்றைக்கு நான் அடுப்படிக்குள் நுழைந்தபோது பிலோமினா வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் தின்றது சட்டியில் மிச்சம் இருந்த இரண்டே துண்டு.