புத்தகக் கடையில் அம்மா

சனிக்கிழமை, இரவு

இன்று பினாங்கு ஜார்ஜ் டவுன் புத்தகக் கடையில் அம்மாவைத் தொலைத்துவிட்டேன். மறதி வந்த பிறகு அவர் கையை நான் விடுவதே இல்லை. ஒரு சமையல் புத்தகத்தைப் புரட்டத்தான் விட்டேன். திரும்பினால் ஆளைக் காணோம். பெரிய கடை, எங்கு பார்த்தாலும் சுற்றுப்பயணிகள். வாசல் வரை ஓடினேன். சாலையில் கார்கள் பறந்துகொண்டிருந்தன.

கல்லாவில் இருந்த சீனப் பெண் மாடியைக் காட்டினாள். மேலே, தமிழ்ப் புத்தகங்களின் அருகே, சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அம்மா கதை வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தையில்கூடத் தடுமாறவில்லை.

"எங்கம்மா போயிட்டீங்க?" என்றேன்.

"எங்கயும் போகல லா. இவங்க கண்ணாடிய ஹோட்டல்ல விட்டுட்டாங்களாம். அதான் படிச்சுக் காட்றேன்."

காரில் ஏறியதும், "அடுத்த வாரமும் வரலாமா?" என்று கேட்டார். எங்காவது போகலாமா என்று அம்மா கேட்டே பல மாதமாகிவிட்டது. வரலாம் என்றேன்.