தேனா, செங்கல்லா

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் இருமல்கூட ஒரு வாரமாக லீவில் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத்தான் மூன்று நாளாகக் கால் தரையில் பாவவில்லை. என் ரூம் சும்மாதானே கிடக்கு, நீயே எடுத்துக்கோம்மா, அங்க உட்கார்ந்து தை என்று போன மாதம் போனில் சொன்னாயே, நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டேன்! இருபத்தாறு வருஷம் ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவில் தையல் மெஷினைப் போட்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் முழங்காலை மடக்கி வழிவிட்டவளுக்கு ஜன்னலோடு ஓர் அறை. உன் கட்டில் ஹாலுக்கு வந்தாயிற்று, நீ வந்தால் படுக்க இடமுண்டு, பயப்படாதே.

பெயிண்டர் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் போர்வை அகலத்துக்கு இரண்டு நிறம் பூசிக் காட்டினார், ஒன்று தேன், மற்றது வெளிறிய செங்கல். அப்பா பார்த்ததுமே தேன் கட்சி, செங்கல் கலர் அடிக்கிறதுக்குச் சுவரைப் பூசாமலே விட்டிருக்கலாமே என்று கிண்டல் வேறு. பெயிண்டரும் தேன், மாடி வீட்டு டீச்சரும் தேன். நானும் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டேன். மறுநாள் மத்தியானம் அந்தத் தேன் பக்கம் உட்கார்ந்து டீச்சரின் வெள்ளைச் சட்டைக்குப் பட்டன் தைத்தேன், வாசலுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஆறு பட்டனும் க்ரீம் நூலில்! வெயில் பட்ட தேன் நிறத்தில் எனக்கு இரண்டு நூலும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. நாற்காலியைச் செங்கல் பக்கம் இழுத்துப் போட்டேன், வெள்ளை வெள்ளையாகவும் க்ரீம் க்ரீமாகவும் பிரிந்து நின்றன. சட்டையைப் போட்டுப் பார்க்க வந்த டீச்சரை அங்கேயே கண்ணாடி முன் நிறுத்தினேன், முகம் பளிச்சென்று தெரிந்ததும் அவள் கட்சி மாறிவிட்டாள்.

உன்னிடம் மறைப்பானேன், நூல் கதையெல்லாம் அப்பாவிடம் சொல்ல ஒரு சாக்கு. பார்த்த முதல் நிமிஷமே எனக்கு அந்தச் செங்கல் நிறம் பிடித்துவிட்டது. இந்த வீட்டில் திரைச்சீலையிலிருந்து என் செருப்புவரை இன்னொருவர் காட்டியதுதான், அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை. ஆனால் இது என் அறை. பெயிண்டரிடம் செங்கல் என்று சொல்லிவிட்டேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. பெயிண்டர் சனிக்கிழமை வருகிறார். அதற்குள் இந்தக் கடிதம் கிடைத்தால், உனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று மட்டும் போன் பண்ணிச் சொல்லிவிடாதே. நீ தேன் என்றால் நான் மாறிவிடுவேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா