பழைய ஸ்டியரிங்குக்கு யார் பொறுப்பு?

மார்ச் 3, திங்கள்

ஸ்டியரிங் கம்பெனியிலிருந்து மூன்று வரியில் பதில். அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். சீல், பம்ப் எதுவும் கிடைக்காதாம். மொத்த ஸ்டியரிங்கையும் மாற்ற வேண்டுமாம். கீழே வாழ்த்து வேறு.

தம்பி லோகநாதனும் குப்பத்து ஆட்கள் சிலரும் ஏலத்தில் எடுத்த பழைய ஃபைபர் போட்டுகள். சக்கரத்தைத் திருப்பினால் ஆயில் அழுத்தத்தில் இன்ஜின் திரும்பும். சீல் போனால் ஆயில் கசிந்து சக்கரம் வெறுமனே சுற்றும். பழவேற்காட்டு முகத்துவாரத்தில், அலை உடைகிற இடத்தில், அப்படிச் சுற்றினால்? கவிழ்ந்துவிடும். இதையும் எழுதினேன். மறுபடி அதே மூன்று வரி.

மார்ச் 12, புதன்

நாள் முழுக்க லாரிகளுக்கு ரப்பர் சீல் வார்க்கிற தொழிற்சாலையில் தரம் பார்க்கிறேன். இத்தனூண்டு வளையம் இல்லாமல் என் தம்பி சாக வேண்டுமா? பழைய சீலை அளந்து அச்சு வெட்டக் கொடுத்தேன்.

சூப்பர்வைசர் சாம்சன், "மேடம், போட்டுக்கு நாம இன்னா கேரண்டி குடுக்க முடியும்?" என்றார்.

"கம்பெனிக்காரன் குடுத்ததவிட ஜாஸ்தி."

மார்ச் 16, ஞாயிறு

தம்பி போட்டில் மாட்டியாயிற்று. கசிவில்லை. ஒரு நாள் கசியாதது ஒரு சான்றா?

மார்ச் 30, ஞாயிறு

முகத்துவாரத்தில் சக்கரம் சுற்றிவிட்டது. போட்டு அலைக்குக் குறுக்கே திரும்பித் தண்ணீர் ஏறியிருக்கிறது. கூடப்போன தீனா துடுப்பைப் போட்டு இழுத்துத்தான் கரைசேர்ந்தார்கள். தீனாவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது.

தம்பி மனைவி ரோஜா, "நீங்க செஞ்சதாச்சேன்னுதானே அண்ணி அவர போக உட்டேன்" என்றாள். பம்பிலிருந்து சீலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சீலை அறுத்துப் பார்த்தேன். தயிர்வடை போல உப்பியிருக்கிறது. நகம் பட்டாலே பிய்கிறது. முகர்ந்தேன். பிரேக் ஆயில்!

தம்பிக்குப் போன் போட்டேன். "ஆமாக்கா. லேசா கசிஞ்சிச்சு, ஊத்துனேன். சீல் உப்பிக்கினு டைட்டாவுது. குப்பத்துல எல்லாருமே ஊத்துறோம்."

உப்பும்தான், அப்புறம் பிய்ந்துபோகும், முட்டாளே! ஹைட்ராலிக் ஆயில் மட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லவில்லையா? கத்திவிட்டேன் — பிரஸ் ஓடுகிற சத்தத்தையும் மீறி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னக் கேக்கறதுக்கு என்னடா?"

"கேக்கத்தான் அடிச்சேன். நீ ட்யூட்டில எடுக்கல. கம்பெனிக்காரன் எடுக்கவே மாட்டான். எளாவூர் லாரி மெக்கானிக்குதான்க்கா எடுத்தான், இத ஊத்துன்னான்."

இதற்கு மேல் யாரைத் திட்ட?

ஏப்ரல் 6, ஞாயிறு

குப்பத்தில் அத்தனை பம்பையும் கழற்றவைத்தேன். எல்லாவற்றிலும் அதே நாற்றம்.

"இன்னிக்கி தொழிலும் போச்சு, டீச்சரம்மா" என்று ஒருவர் நக்கலடித்தார்.

"நீங்க இருந்தாதான்யா தொழில்."

பைப்புகளையும் கழுவி, புது சீல் போட்டு, சரியான ஆயிலை நானே ஊற்றினேன். சாயங்காலம் லோகநாதன் முகத்துவாரம் தாண்டிப் போய்த் திரும்பினான். ரோஜா கரையில் நின்றுகொண்டே இருந்தாள். நானும்தான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எல்லாப் போட்டிலும் சக்கரத்துக்கு மேல் சிவப்புப் பெயிண்டில் என் நம்பரை எழுதிவைத்திருக்கிறான் லோகநாதன். "யாரக் கேட்டுடா எழுதின?"

"உன்ன கேட்டா உடுவியா?"

இன்று மீட்டிங்கில் போன் அடித்தது. வெளியே வந்து எடுத்தேன். தெரியாத குரல். "பக்கத்துக் குப்பங்க. போட்டுல நம்பர் பாத்தேன். ஸ்டியரிங் கம்பெனிங்களா?"

இல்லை என்றேன். பிறகு, என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "பிரேக் ஆயில்தாங்க" என்றார். திட்ட ஆரம்பித்தேன்.

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.