கெம்புக்கு அடியில்

ஜூன் 9, 2025, திங்கள்

காலையிலிருந்து சோதித்துச் சொல்ல மூன்று புஷ்பராகம். இரண்டு வெறும் கண்ணாடி. வாங்கியவர்களின் முகத்தைப் பார்க்காமல் சொல்லப் பழகிவிட்டேன். பக்கத்து மேசையில் தம்பி ஜெரால்டு கல் பதித்தபடி ஏதோ பாட்டை முனகுகிறான். ஒரே நகைக்கடையில் இருவருக்கும் வேலை. கொடுத்துவைத்தவர்கள்தான்.

ஜூன் 11, புதன்

கண் பட்டுவிட்டது. நிலக்கரி மைன்ஸில் ரிட்டயரான தனகோட்டி, போன வாரம் மோதிரத்தைப் பெரிதாக்கி வாங்கிப் போனவர், கத்திக்கொண்டே வந்தார். "கல்ல மாத்திட்டானுங்க! என் மாமனார் போட்ட கெம்பு இப்படியா மினுக்கும்?"

முதலாளி அந்த மாணிக்கக்கல் மோதிரத்தை என்னிடம் தள்ளினார். மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். உள்ளே வளைவு வளைவாகக் கோடுகள், உருண்டையாக ஒரு காற்றுக் குமிழி. மண்ணில் விளைந்த கல்லில் கோடு வளையாது. செயற்கைக் கல் என்று சொல்லிவிட்டேன். சொல்லித் தொலைத்தேன்.

"ஒரிஜினல் கல்லக் கொடுக்க நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம். அப்புறம் போலீஸ்" என்றார் முதலாளி, அந்த மோதிரத்தைப் பெரிதாக்கிய ஜெரால்டிடம்.

ஜூன் 12, வியாழன், காலை

ஜெரால்டு சாப்பிடவில்லை. "சத்தியமா கல்லக் கழட்டவே இல்லக்கா. வளையத்த மட்டும் வெட்டி ஒட்டினேன், பாலிஷ் போட்டேன்." நம்புகிறேன். நம்புகிறேனா? அந்தக் குமிழி கண்ணை விட்டுப் போகமாட்டேங்குது. கர்த்தரே, என் வாயாலயே அவன மாட்டிவிட்டுட்டேனே.

மாலை

இன்னொரு முறை பார்க்கிறேன் என்று கெஞ்சி வாங்கினேன். வழக்கம்போல முதலில் பிரஷ்ஷால் துடைத்தேன். கல்லைக் கவ்வியிருக்கும் தங்கப் பற்களின் அடியிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்தது. மூன்று பற்களைத் துடைத்த பிறகுதான் உறைத்தது — ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! அது அழுக்கு இல்ல, பழுப்பு நிலக்கரி! கல்லைக் கழற்றியிருந்தால் அது அங்கே மிஞ்சியிருக்காது.

நல்லவேளை, நான்காவது பல். அதன் அடியில் கரித்தூள் எண்ணெயோடு சேர்ந்து பிசினாய் இறுகிக் கிடந்தது.

கெடுவுக்கு வந்து நின்ற தனகோட்டியையே மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "நம்ம மைன்ஸ் கரிதாம்மா. ஷிப்டுலகூடப் போட்டுக்கினேதான் இருந்தேன்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்போ... மாமனாரு போட்டதே இதுதானா?"

மோதிரத்தை அவர் கையில் கொடுத்தேன். ஜெரால்டின் தோளைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தார். "எங்க வூட்டுல தெரிய வேணாம்மா."

ஜூன் 17, செவ்வாய்

தனகோட்டியின் மனைவி மாணிக்கம்மாள் கடைக்கு வந்தார். "ஏம்மா, எங்கப்பா போட்ட கல்லுதானே? யாரும் மாத்தலியே?"

அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"அதே கல்லுதாங்கம்மா."