'டிபென்ட்': இரண்டு வரி காலி

மார்ச் 3
நாங்கள் தயாரிக்கும் ஆங்கில-தமிழ் அகராதியில் 'டி' எழுத்து என் தலையில் விழுந்திருக்கிறது. இன்று 'டிபென்ட்'. பொருள் சுலபம்: சார்ந்திரு, நம்பியிரு. சொல்லுக்கு மூன்று உதாரண வாக்கியம் அட்டையில் எழுத வேண்டும், அதுதான் உயிரை வாங்குகிறது. ஒன்றும் தோன்றாமல் வீட்டையே எழுதினேன்: "அண்ணன் நடப்பதற்குத் தங்கையை நம்பியிருக்கிறான்." பொய்யில்லையே. மாடியிலிருந்து விழுந்து இரண்டு வருடம். என் தோள் இல்லாமல் குளியலறைக்குக்கூடப் போகமாட்டான். மற்ற இரண்டு வரியும் காலி.

மார்ச் 4
அகராதி ஆசிரியர் அட்டையைப் பார்த்து முகம் வெளுத்தார். "வீட்டு ஆளுங்கள வாக்கியத்துல இழுக்காதீங்கம்மா. இங்க யாரும் அதச் செய்யறதில்ல." ஏன் என்றால் அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டார். கிழவருக்குக் கிறுக்கு.

மார்ச் 6
அட்டையில், "தங்கை நடப்பதற்கு அண்ணனை நம்பியிருக்கிறாள்" என்று இருக்கிறது. அடித்தல் திருத்தல் இல்லை. கையெழுத்து என்னுடையது, 'ற'வின் கோணல் வால் உட்பட. நானே குழம்பி எழுதினேனா? திங்கட்கிழமை திருத்திக்கொள்ளலாம்.

மார்ச் 7
சாயங்காலம் வாசல் கதவைத் திறந்தது அண்ணன்! நிற்கிறான்! "என்னடி, பேயப் பாத்த மாதிரி முழிக்கிற?" அழுதேவிட்டேன். சந்தோஷம்தான், சத்தியமாக.

இடது கால் மரத்திருப்பதை அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 9
இரண்டு காலும் போயிற்று. டாக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆசிரியருக்குப் போன் செய்தேன். "அட்டையக் கிழிச்சா உங்க அண்ணன் மறுபடி படுத்துடுவாரு. மாத்தி எழுதுங்க. ஆனா வீட்டு ஆள் கையாலதான் எழுதணும்."

மார்ச் 10
விடை கிடைத்துவிட்டது! "அண்ணனும் தங்கையும் அவரவர் காலை நம்பியிருக்கிறார்கள்." அவ்வளவுதான். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லி, அலுவலகத்திலிருந்து அட்டையை எடுத்து வரச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இரண்டு வருடம் தான் கிடந்த படுக்கையை ஒருமுறை பார்த்தான். செருப்பை மாட்டியவன் வாசலில் திரும்பி, "இன்னும் ரெண்டு வரி காலியா இருக்குன்னு சொன்னல்ல?" என்று கேட்டான்.

ஏன் கேட்டான்?

மார்ச் 12
கை மரத்துவிட்டதால், நான் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுகிறான். அட்டையைத் தேடினானாம், கிடைக்கவில்லையாம். பரவாயில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். தங்கை இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. எழுதுவதற்கும் பேசுவதற்கும் அண்ணனை நம்பியிருக்கிறாள்.